மணற்காடு பாலைவனம் அல்ல

இது நீண்ட பதிவு. அவசரமாக இருப்பவர்கள் படங்களை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம், கோபிக்கமாட்டோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சுற்றுலா விளம்பரம் எங்கள் கைபேசிகளில் சுற்றியது. "யாழ்ப்பாணத்தின் பாலைவனம்! காலையில் மணல்மேடு, மதியம் பவளப்பாறை, எல்லாம் ஒரே நாளில்" என்று. கீழே மணற்காட்டின் படம். அதற்குக் கீழே ஒரு பின்னூட்டம்: "அப்ப சோனக ஆக்களுக்குச் சொந்த ஊர் கிடைச்சிட்டுது." சிரிப்புக் குறியும் போட்டிருந்தார்கள். எங்கள் உயர்தர வரலாற்று வகுப்புப் பையன்கள் அதைக் கொண்டுவந்து காட்டினார்கள். கோபமாகக் காட்டவில்லை, சந்தேகமாகத்தான் காட்டினார்கள். "சேர், உண்மையிலயே நம்மட ஆக்கள் பாலைவனத்தால வந்தவங்களா?"

இப்படியொரு கேள்விக்கு வகுப்பறையில் பதில் சொல்லக்கூடாது. சித்திரை விடுமுறையில் ஒருநாள், மூன்று ஆசிரியர்களும் பதினான்கு பையன்களுமாக ஸுபஹ் தொழுதுவிட்டு ஒரு சிறிய பஸ்ஸில் புறப்பட்டோம். (மாணவிகளுக்கு வேறொரு நாள், ஆசிரியைகளோடு. கேட்கமுன் சொல்லிவிடுகிறோம்.) விளம்பரக்காரர் சொன்ன அதே பயணம்தான். காலையில் மணல், மதியம் கடல். வழிகாட்டி மட்டும் கிடையாது.

கோப்பாய், நீர்வேலி, புத்தூர் எல்லாம் செம்மண். வாழையும் புகையிலையும் வெங்காயமும். வல்லை வெளிக்கு வந்ததும் மண்ணின் நிறம் மாறிவிடும். இரண்டு பக்கமும் உவர்நீர், காற்றைத் தடுக்க ஒரு மரம்கூட இல்லை. பாலத்தைத் தாண்டினால் வடமராட்சி. மந்திகைக்கு அப்பால் வல்லிபுரத்தை நெருங்கும்போது தார் வீதியின் ஓரங்களில் வெள்ளை மணல் ஏறிக்கிடக்கும். நம் குடாநாட்டுக்கு மணற்றி, மணற்றிடர் என்றெல்லாம் பழைய பெயர்கள் உண்டு. யாழ் வாசித்த குருடனுக்கு அரசன் பரிசாகக் கொடுத்தது ஒரு மணல்திடல் என்பது யாழ்ப்பாணத்தின் பெயருக்குச் சொல்லப்படும் கதை. கதை உண்மையோ இல்லையோ, மணல் உண்மை.

வல்லிபுர ஆழ்வார் கோயிலின் வெளியில் நிழல் பார்த்து உட்கார்ந்தோம். பள்ளிவாசல் பிள்ளைகள் கோயில் வாசலில் என்ன செய்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர்ப் பந்தலில் இருந்த ஒரு பெரியவர் மட்டும் "திருவிழாவுக்கு வந்திருக்கலாமே, தீர்த்தத்தண்டு பாருங்கோ" என்றார். புரட்டாதித் திருவிழாவின் முடிவில் சுவாமி மணல்மேடுகளைக் கடந்து கடலுக்குப் போவார். ஆயிரக்கணக்கான சனம் அந்த மணலில் கூடவே நடக்கும். மணலிலிருந்து கடலுக்கு ஒருநாள் பயணம் போவதை விளம்பரக்காரர் கண்டுபிடிக்கவில்லை. வல்லிபுரத்தில் அது வருடா வருடம் நடக்கிறது.

1936 இல் இந்த வல்லிபுரத்து மண்ணுக்குள்ளிருந்து ஒரு பொன்தகடு வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நான்கு வரிகள், பிராமி எழுத்து. பரணவிதான அதை வாசித்து வெளியிட்டார். வஹ என்ற அரசன் ஆண்ட காலத்தில், அமைச்சன் இசிகிரய நாகதீவை நிருவகித்தபோது, பியகுக திஸ்ஸ என்பவர் படகர அதன என்ற இடத்தில் ஒரு விகாரை கட்டினார் என்பது அவருடைய வாசிப்பு. வஹ என்பது அநுராதபுரத்து வசபன், அதாவது கிட்டத்தட்ட கி.பி. 1ஆம் நூற்றாண்டின் கடைசி அல்லது 2ஆம் நூற்றாண்டின் தொடக்கம். பழைய நூல்கள் சொல்லும் நாகதீபம் நமது குடாநாடுதான் என்பதற்கு இந்தத் தகடு பெரிய ஆதாரமாயிற்று. பிறகு பேராசிரியர் வேலுப்பிள்ளை போன்றோர் அதே நான்கு வரிகளை வேறுவிதமாக வாசித்தார்கள். அந்தப் பெயர்களுக்குள் தமிழ் இருக்கிறதா, சிங்களத்தின் மூதாதை இருக்கிறதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

ஒரு பையன் கேட்டான்: "அப்ப இது யாருடைய இடம் சேர்?"

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் காலத்தில் சிங்களவரும் தமிழரும் பௌத்தர்களாக இருந்திருக்கிறார்கள். தமிழில் பௌத்தக் காப்பியமே இருக்கிறது. ஒரு விகாரை கட்டப்பட்டது என்பதிலிருந்து இன்று யார் அங்கே இருக்கலாம், இருக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொல்வது வரலாறு அல்ல. அது காணி வழக்கு. எங்கள் வகுப்பில் காணி வழக்கு நடத்துவதில்லை.

தகட்டைவிட எங்களுக்கு மனதில் தைத்தது வேறொன்று. வல்லிபுரத்திலிருந்து எடுத்த புத்தர் சிலையொன்று யாழ்ப்பாணத்துப் பழைய பூங்காவில் வைக்கப்பட்டிருந்தது. 1906 இல் ஆளுநர் ஹென்றி பிளேக் அதைச் சீயம் நாட்டு அரசருக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார். பல நூற்றாண்டுகளாக மணல் காத்துவைத்ததைக் கொடுத்துவிட ஒரு கையெழுத்துப் போதுமாக இருந்திருக்கிறது. அது எங்களவர் பொருள் இல்லையே, நமக்கென்ன என்று ஒரு பையன் தோளைக் குலுக்கினான். அவனுக்கு அப்போது பதில் சொல்லவில்லை.

இந்த மணல்பரப்பில் கறுப்புச் சிவப்பு மட்பாண்டத் துண்டுகளும் பழைய ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. பொன்னம்பலம் இரகுபதி 1980களில் குடாநாட்டின் ஆதிக் குடியிருப்புகளைத் தேடி நடந்தபோது வல்லிபுரமும் அவருடைய பட்டியலில் இருந்தது. எங்கள் பையன்கள் காலால் கிளறிப் பார்த்தார்கள். கிடைத்தவை ஒரு சோடா மூடியும் ஒரு செருப்பு வாரும். அவையும் ஒருநாள் தொல்பொருள்தான்!

குடத்தனை தாண்டி மணற்காட்டுக்குப் போகும்போது வெயில் ஏறிவிட்டது. சவுக்குத் தோப்பு முடிந்து முதல் மேட்டில் ஏறியவுடன் பையன்கள் கத்திக்கொண்டே உருண்டு விழுந்தார்கள். பதினேழு வயதுப் பையன்கள் ஏழு வயதாகிவிட்டார்கள். சத்தியமாக அழகான இடம். வெள்ளை மேடுகள், காற்று கீறிவிட்ட வரிகள், அங்கங்கே அடம்பன்கொடி, தூரத்தில் நீலக்கோடாகக் கடல். "ஒட்டகம் எங்க சேர்?" என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன் துவாயைத் தலையில் கட்டிக்கொண்டு படம் எடுத்தான். அந்தப் படத்தை இங்கே போடவில்லை, அவனுடைய உம்மா எங்கள் பக்கத்தைப் பார்ப்பவர்.

செங்கடல் கரையில், எகிப்தின் ஹுர்காதா போன்ற ஊர்களில், காலையில் பாலைவனமும் பகலில் பவளப்பாறையும் பார்க்கும் பயணம் பெரிய தொழில். அங்கே அது உண்மையான பாலைவனம். வருடம் முழுக்கச் சில மில்லிமீற்றர் மழைதான். ஆண்டுக்கு 250 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெய்யும் நிலத்தைப் பாலைவனம் என்று புவியியல் புத்தகம் சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் பெய்வது 1200 மில்லிமீற்றருக்கு மேல், அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்க்கும். மணற்காட்டின் மேடுகள் வறட்சியால் வந்தவை அல்ல. கடல் கரையில் கொண்டுவந்து போட்டதைக் காற்று அள்ளி உள்ளே குவித்தது. பருத்தித்துறையிலிருந்து சுண்டிக்குளம் வரை இந்தக் கிழக்குக் கரை நெடுக அந்த வேலை நடந்திருக்கிறது.

மேடுகளுக்கு நடுவே பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிபாடு நிற்கிறது. கூரை இல்லை. சுவர்கள் மணலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய சுவர். கையை வைத்துத் தடவிப் பார்த்தால் கல்லில் பவளப்பூச்சி கட்டிய சிறு சிறு கண்ணறைகள் தெரியும். மதியம் கடலுக்குள் தேடப்போகும் பொருள் காலையிலேயே மணலுக்குள் கிடைத்துவிட்டது என்று ஒரு பையன் சொன்னான். நல்ல கவனிப்பு. யாழ்ப்பாணக் கோட்டையும் இதே கல்தான், நெடுந்தீவின் வேலிகளும் இதே கல்தான். ஊர் புதிய தேவாலயம் கட்டிக்கொண்டு பழையதை மணலிடம் விட்டுவிட்டது. அருகில் இடுகாடு. மணலில் நட்ட சிலுவைகள். 2004 டிசம்பர் 26 இல் இந்தக் கரையிலும் உயிர்கள் போயின. அங்கே மட்டும் பையன்கள் தாமாகவே சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். இறந்தவர்களுக்காக யார் மதம் என்று பார்க்காமல் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தோம்.

லுஹர் நேரமாயிற்று. கொண்டுவந்த தண்ணீர் குடித்தே முடிந்துவிட்டது. எங்கள் வகுப்பின் கெட்டிக்காரன், மார்க்கப் பாடத்திலும் அவன்தான் முதல், மணலைக் கையால் தட்டிக்கொண்டு கேட்டான்: "பாலைவனம் எண்டா தயம்மும் செய்யலாம்தானே சேர்?"

தண்ணீரைத் தேடாமல் தயம்மும் இல்லை என்றோம். தேடு என்றோம். கடல் அந்தா தெரிகிறது, உப்புத் தண்ணீரிலும் வுழு செய்யலாமே என்று ஒருவன் சொன்னான். சரிதான், ஆனால் அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை. மேட்டின் அடிவாரத்தில் ஒரு வீடு. வேலியோரத்தில் ஓர் ஆழமற்ற கிணறு. அந்த வீட்டு அம்மா எங்கள் தொப்பிகளைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வாளியை எடுத்துத் தந்தார். "தொழுகைக்கோ? நல்லா அள்ளுங்கோ, குடிக்கிறதெண்டாலும் இதுதான்." கயிறு ஓராள் உயரத்துக்கு மேல் இறங்கவில்லை. தண்ணீர் தேங்காய்த் தண்ணீர் மாதிரி. கடல் கூப்பிடு தூரத்தில்!

வுழு செய்து மணலிலேயே ஜமாஅத்தாகத் தொழுதோம். தொழுதபின் அதே இடத்தில் எங்கள் புவியியல் ஆசிரியர் ஒரு விரலால் மணலில் படம் கீறினார். மழைநீர் மணல்மேட்டுக்குள் இறங்குகிறது. கீழே கடல்நீர் ஊறி நிற்கிறது. நல்ல நீர் இலேசானது, உப்புநீர் கனமானது, ஆகவே நல்ல நீர் ஒரு வில்லையைப் போல உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல நீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல நீர் இருக்கும். இதை முதலில் கணக்காக எழுதியவர்களில் ஒருவர் பாடோன் கைபென் என்ற ஒல்லாந்தர், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். பிறகு ஹெர்ஸ்பேர்க் என்ற ஜேர்மன்காரர். இருவருமே வடகடல் கரையின் மணல் நிலங்களை வைத்துத்தான் கண்டார்கள். ஒல்லாந்தர் 1658 இலிருந்து ஏறத்தாழ 137 வருடம் யாழ்ப்பாணத்தை ஆண்டார்கள். இந்தக் கிணற்றடிக்கு வந்து ஒருவர் கேட்டிருந்தால் கொஞ்சம் முன்னரே தெரிந்திருக்கும் என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார்.

கணக்கின் மறுபக்கத்தையும் அவர் சொன்னார். மேலே ஓர் அடி குறைந்தால் கீழே 40 அடி போகும். மேட்டை வெட்டினால் மழையைப் பிடித்துவைக்கும் பாத்திரம் உடைகிறது. உப்பு மேலே வருகிறது. குடத்தனை, அம்பன் பக்கங்களில் மணல் அகழ்வு பற்றிய முறைப்பாடுகள் வருடக்கணக்காகப் பத்திரிகைகளில் வருகின்றன. அனுமதியோடும் போகிறது, அனுமதி இல்லாமலும் போகிறது, இரவில் டிப்பரிலும் உழவு இயந்திரத்திலும் போகிறது. நகரத்தில் எழும் மாடிவீடுகளுக்கு மணல் வேண்டும். எங்கள் பள்ளிவாசல்களுக்கும் வேண்டும். போருக்குப் பின் திரும்பிவந்து சோனகதெருவில் நாங்கள் திருத்திய வீடுகளுக்கும் எங்கிருந்தோ மணல் வந்தது. எந்த மேட்டை வெட்டியது என்று நாங்கள் கேட்டோமா? கேட்கவில்லை. இதை எழுதும்போது மற்றவர்களைக் குற்றம்சாட்டும் உரிமை எங்களுக்கு இல்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

"பாலைவனம்" என்ற விளம்பரச் சொல் எங்களை உறுத்துவது இதனால்தான். பாலைவனம் என்றால் ஒன்றும் இல்லாத இடம், யாரும் இல்லாத இடம், அள்ளினால் கேட்க ஆளில்லாத இடம். ஒரு நிலத்தை வெறும் நிலம் என்று சொல்லிவிட்டால் மற்ற எல்லாம் சுலபமாகிவிடும். இந்தக் கரை வெறுமையாகத் தெரிகிறதென்றால் அது வெறுமையாக்கப்பட்டதால்தான். தெற்கே சிறிது தூரத்தில் நாகர்கோவில். 1995 செப்டெம்பர் 22 இல் அங்கே பாடசாலைப் பக்கம் விமானக்குண்டு விழுந்து பிள்ளைகள் பலர் இறந்தார்கள். பின்னர் கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று குடாநாட்டைக் குறுக்கே வெட்டிய முன்னரங்க வரிசை 2009 வரை இருந்தது. மணலுக்குள் கண்ணிவெடி விதைத்தார்கள். சனம் எழும்பிப் போனது. பிறகு கடல் வந்தது. ஆளில்லாத மணலைப் பார்த்துவிட்டு, ஆகா என்ன அமைதி என்று படம் எடுக்கிறோம்.

நாங்களும் ஒருமுறை வெறுமையாக்கப்பட்டவர்கள். 1990 ஒக்டோபர் 30 அன்று சோனகதெருவுக்குப் புலிகள் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். வடமாகாணம் முழுவதிலும் அந்த ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் தொகை. பிள்ளைகளுக்கு இதைப் பல தடவை சொல்லியிருக்கிறோம். அன்று மணற்காட்டில் திரும்பச் சொல்லவில்லை. வல்லிபுரத்தில் தோளைக் குலுக்கிய அந்தப் பையனுக்கு மட்டும் நாகர்கோவில் திசையைக் காட்டினோம். அவன் நெடுநேரம் பேசாமல் வந்தான்.

மதியத்துக்குப் பின் பருத்தித்துறைக்கு மேற்கே ஒரு மீனவர் கிராமத்துக்குப் போனோம். கிழக்குக் கரை முழுக்க மணல். வடகரைக்குத் திரும்பியதும் மணல் நின்றுவிடும், முருகைக்கற்பார் தொடங்கிவிடும். கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் அலை உடைவது வெள்ளைக் கோடாகத் தெரியும், அதுதான் பார். அதற்கு இந்தப் பக்கம் தண்ணீர் குளம் மாதிரி. பாரில் உள்ள வாய்க்கால் போன்ற இடைவெளிகளை வான் என்பார்கள். படகுகள் அதனூடாகத்தான் போகும், வரும். வான் தெரியாதவனுக்கு வடமராட்சிக் கடல் தெரியாது.

கடலட்டைக்குக் குளிக்கப் போகும் ஒரு தம்பி எங்களுக்கு உதவ ஒப்புக்கொண்டார். "என்ன சேர், பிள்ளையளுக்கு நீந்தத் தெரியுமோ?" என்று கேட்டார். ஐந்து பேருக்குத்தான் தெரிந்தது. கடல் சூழ்ந்த ஊரில் பதினான்கு பேரில் ஐந்து! அந்த ஐந்து பேருக்கு மட்டும் மிதவை அங்கி போட்டு, முகமூடியும் மூச்சுக்குழாயும் பூட்டி, இருவர் இருவராக இறக்கினோம். மற்றவர்கள் இடுப்பளவு நீரில் நின்று முகமூடியை மட்டும் வைத்துக் குனிந்து பார்த்தார்கள். அதுவே போதுமாக இருந்தது. ஓராவும் கிளாத்தியும் சிறிய கலவாயும் கல்லிடுக்கில் புகுந்து புறப்படுவதைப் பார்த்து ஒருவன் தண்ணீருக்குள்ளேயே "சுப்ஹானல்லாஹ்" சொல்லப் போய் உப்புத்தண்ணீர் குடித்துவிட்டான். மூளையைப் போல மடிப்பு மடிப்பாக இருந்த ஒரு முருகையைக் கண்டு, தேவாலயச் சுவரில் பார்த்த அதே கண்ணறை என்று இன்னொருவன் கத்தினான். எல்லாம் நிறமாக இல்லை. பல இடங்களில் வெளிறிய, செத்த கல். கடல் அளவுக்கு மீறிச் சூடாகினால் முருகை வெளுத்துவிடும். 1998 இலும் 2016 இலும் இலங்கைக் கடலில் பெரிதாக நடந்தது. கற்பிட்டியின் பார் அந்த முதல் தடவையிலேயே பெரும் அழிவைக் கண்டது.

நீந்தத் தெரிந்தவர்களுக்கு ஒரு போட்டி வைத்தோம். மூச்சுக்குழாய் இல்லாமல், கல்லைப் பிடித்துக்கொண்டு எத்தனை விநாடி? அதிகபட்சம் 34. மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்கள் ஒரு நிமிடத்தை ஒட்டி நின்றார்கள், அதுவும் ஐந்து பாகம், ஆறு பாகம் ஆழத்தில், ஒரு நாளில் எத்தனையோ முறை. அரபுக் குளியாளிகள் மூக்குக்குக் கவ்வி போட்டுக்கொள்வார்கள். கீழக்கரை முஸ்லிம்களும் தமிழ்ப் பரதவரும் விரலால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். சுறாவை மந்திரித்துக் கட்டுவதற்குக் கடல்கட்டி என்று ஒருவர். அவருக்கு அரசாங்கமே கூலி கொடுத்தது. 19ஆம் நூற்றாண்டில் அந்தக் கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர் என்று எமர்சன் ரெனன்ற் எழுதியிருக்கிறார். பழைய மந்திரம், கத்தோலிக்கர் வாய், முஸ்லிம் குளியாளி, வெள்ளைக்காரர் கஜானா. சிலாவத்துறையிலும் மறிச்சுக்கட்டியிலும் குளிப்புக் காலத்தில் ஒரு நகரமே முளைத்து மறையும். 1906 இல் அந்த உரிமையை இலண்டன் கம்பனியொன்றுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். சில வருடங்களில் முத்தும் இல்லை, கம்பனியும் இல்லை.

எங்கள் தம்பி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே சிலிண்டரைத் துடைத்தார். "குளிக்கிறவன்ர கயிற்றை மச்சான்தான் பிடிக்கோணும் எண்டு எங்கட பழசுகள் சொல்லுங்கள். தங்கச்சிய விதவையாக்க மாட்டானெண்டு ஒரு நம்பிக்கை" என்றார்.

"பாலைவனத்தால வந்தவங்களா" என்ற கேள்விக்கு அந்தக் கரையில்தான் பதில் சொன்னோம். வந்தது கடலால். 1344 இல் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து காற்றில் அடிபட்டு, பத்தாளா என்ற துறையில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அது புத்தளம் என்பது பெரும்பாலானோர் கருத்து. யாழ்ப்பாணத்து அரசனுக்குப் பாரசீகம் விளங்கியது என்றும், முத்துக்களைக் காட்டி அவற்றைப் பற்றிப் பேசினான் என்றும், பாவாத மலைக்குப் போக ஆட்களும் பல்லக்கும் தந்தான் என்றும் அவர் எழுதிவைத்தார். ஒரு சைவ அரசன் பாரசீகம் பேசினான் என்றால் அவனுடைய துறைகளில் யார் வந்துபோயிருப்பார்கள்? அதற்கு முன்னரே, 12ஆம் நூற்றாண்டில், முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் தமிழில் ஒரு கல்வெட்டு வைத்தான். அயல்நாட்டு வணிகர் ஊர்காவற்றுறைக்கு வரவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலிலொன்று அரசனுக்கு, மிச்சம் உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. இந்தப் பாரில் கப்பல்கள் உடைந்துகொண்டேயிருந்ததால்தான் உடைந்த கப்பலுக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. சிங்கள அரசன், தமிழ் எழுத்து, குதிரை ஏற்றிவந்த பிறநாட்டார். நம் பூட்டன் பெயர் அதில் இல்லை. குதிரை அரபுக் கரைகளிலிருந்தும் பாரசீகக் கரைகளிலிருந்தும் வந்தது என்பது மட்டும் வரலாறு அறிந்தது. அதற்கு மேல் கற்பனை செய்யாதீர்கள் என்று பையன்களிடம் சொன்னோம். பாதிப் பேர் ஏற்கெனவே கற்பனை செய்துவிட்டார்கள் என்பது முகத்தில் தெரிந்தது.

திரும்பும்போது வந்த பாதையால் வரவில்லை. மந்திகையால் முள்ளி, வரணி கடந்து கொடிகாமத்துக்கு இறங்கி, யாழ்ப்பாணம் பக்கம் திரும்பாமல் கிழக்கே உசனுக்குப் போனோம். சுற்று வழிதான், சாரதி முணுமுணுத்தார். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை, சோனகர் முதலில் உசனில் குடியிருந்தார்கள், பிறகு நல்லூருக்கு வந்தார்கள், அங்கிருந்தவர்கள் அவர்களை எழுப்புவதற்குக் கிணறுகளில் பன்றி இறைச்சியைப் போட்டார்கள், அதன்பின் நாவாந்துறைப் பக்கம் போய்க் குடியேறினார்கள் என்று சொல்கிறது. வைபவமாலை சொல்வதெல்லாம் அப்படியே நடந்ததென்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் இது நம் பெரியவர்களும் வாய்வழியாகச் சொன்ன கதை. பஸ்ஸுக்குள் இதைச் சொன்னபோது, மத்தியானம் தயம்மும் கேட்டவன் "அந்தம்மா வாளியைத் தந்தாங்களே" என்றான். ஆமாம் என்றோம்.

உசன் என்ற பெயர் ஹசனிலிருந்து வந்ததா என்று வேறொருவன் கேட்டான். பெயரை முறித்து வரலாறு செய்யும் வேலையை மற்றவர்கள் செய்யும்போது சிரிக்கிறோம், நாமும் செய்யக்கூடாது என்று மறுத்தோம். அவனுக்கு ஏமாற்றம்.

உசனில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. பனையும் தென்னையும் வயலும் ஒரு சின்னக் கடையும். மஃரிபுக்கு நேரமாகிவிட்டதால் கடைக்காரரின் கிணற்றில் வுழு செய்தோம். எழுபது வயதிருக்கும் அவருக்கு. எங்கிருந்து என்று கேட்டார். ரவுன் என்றோம். "சோனகதெருவோ?" என்றார். பிறகு தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "உங்கட ஆள் ஒருத்தர் சைக்கிளில பிடவைக் கட்டு வைச்சுக்கொண்டு மாசத்துக்கு ஒருக்கா வாறவர். மனிசிக்கு ஒரு சீலை கடனுக்குத் தந்தவர். தொண்ணூறாம் ஆண்டு ஆவணியிலயோ புரட்டாதியிலயோ. இருநூற்றைம்பது ரூபாய். அடுத்த மாசம் தாறனெண்டு சொன்னனான். பிறகு வரேல்லை."

பெயர் தெரியுமா என்று கேட்டோம். நானா என்றுதான் கூப்பிடுவோம், பெயர் கேட்கவில்லை என்றார். உயரம், இடதுகைப் பெருவிரலில் ஒரு தழும்பு, சைக்கிள் ரலி. இந்தப் பதிவை வாசிக்கும் புத்தளத்து, நீர்கொழும்பு உறவுகளில் யாருக்காவது தம் வாப்பாவையோ அப்பாவையோ அடையாளம் தெரிந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். கடைக்காரர் எங்களிடம் அந்தக் காசைத் தரப் பார்த்தார், நாங்கள் வாங்கவில்லை. அது அவருக்கும் அந்த நானாவுக்கும் இடையில் உள்ளது.